கோடிட்ட இடம்

புதுக்கடையில் என் அலுவலகம் இரண்டாம் மாடி.
மின்விசிறிக்கு மூன்று வேகம், மூன்றும் ஒன்றுதான்.
கீழே குடைகளின் கீழ்
சத்தியக்கடதாசிகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சுகிர்தமலர் வெள்ளவத்தையிலிருந்து
நின்றபடியே பஸ்ஸில் வந்தவ.
பிளாஸ்டிக் உறைக்குள் சீதன உறுதி:
கொக்குவிலில் நாலு பரப்பு,
கிணற்றில் அரைப்பங்கு, வழிவாய்க்கால் உரித்து.
தகப்பன் எழுதியது. அவவின் பெயரில்.
விற்று மகளைப் படிப்பிக்க வேணும்.

"உங்கட காணிதான்," என்றேன்,
"ஆனால் அவர் எழுத்தில் சம்மதிக்க வேணும்."

"அவர் ஒன்பது வருசமாய்த்
தெகிவளையில் வேறொரு வீட்டில.
மூச்சுவிட ஆரிட்டயும் நான்
கையொப்பம் கேக்கேல்லை."

தேசவழமை நம்மோடு பஸ் ஏறி வரும்.
கொழும்பு வந்துவிட்டதென்று இறங்கிப் போகாது.
நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றேன்,
செலவைச் சொன்னேன்.
அவ உறுதியைத் திரும்ப உறைக்குள் வைத்தா,
ஓரம் மடங்காமல்.

கதவுநிலையில் சாய்ந்து நின்ற குலவீரசிங்கம்
எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.
"பெண்ணியம் எண்டு கத்துறியள்.
பெம்பிளையளை ஏமாத்தாமல் பாதுகாக்கத்தானே
இந்தச் சட்டம், தங்கச்சி."
கெட்ட மனிதர் இல்லை.
என் முதல் வழக்குக்குக் கறுப்பு அங்கி இரவல் தந்தவர்.
பூட்டுப் பாதுகாப்புக்குத்தான் அண்ணை,
திறப்பு ஏன் வெளியே நிற்பவரின் பொக்கற்றில்?
மெல்பேணில் அவர் மகள் வீடு வாங்கியபோது
தனியாகத்தான் கையொப்பமிட்டாள்.
அந்தப் படத்தை அவரே எனக்குக் காட்டினார்,
இரண்டு தரம்.

இதையெல்லாம் பின்னேரம்
பம்பலப்பிட்டி மண்டபத்தில் சொன்னேன்.
நாற்பது நிமிடம். திறப்பு என்ற இடத்தில்
நல்ல கைதட்டல். பிறகு பற்றிஸ், பிளேன்டீ.
எல்லோரும் போனபின் கதிரைகளை அடுக்கியது
மரியபுஷ்பம்.
பகலில் என் அலுவலகத்தைத் துடைப்பவ,
மாலையில் அந்த மண்டபம்.

"மேடம், ஒண்ணு கேக்கவா?
காணி இருக்கிற பொம்பளைக்குத்தானே அந்தச் சட்டம்?"
ஓம் என்றேன்.
"எங்கம்மா பேர்ல ஒண்ணுமில்ல.
அப்பா பேர்லயும் ஒண்ணுமில்ல.
பாத்தா, எங்க லயத்துல மட்டுந்தான்
ஆணும் பொண்ணும் சமம்."
சிரித்தா. நானும் சிரிக்கப் பார்த்தேன்.
பதினாலாவது கதிரை பதின்மூன்றாவதில்
சரியாக உட்காரவில்லை. தட்டி இருத்தினா.
"அந்த ஈபீஎப் பாரம், மேடம்.
கையெழுத்துப் போட்டாச்சா?"

காலி வீதி முழுக்க மழை.
நூறாம் இலக்க பஸ்ஸில்
யாரோ ஒருவனின் முழங்கை என் முதுகில்;
என் முழங்கையால் பதில் சொல்லிக்கொண்டே
லாச்சியை நினைத்தேன்.
மேலிருந்து இரண்டாவது.
அதற்குள் ஒரு படிவம்,
தொழில்தருநர் ஒப்பமிட ஒரு கோடு,
கோட்டின் மேல் மூன்று வருட வெறுமை.
நான் மறுக்கவில்லை. மறந்தேன்.
தெகிவளையில் இருப்பவரும்
அப்படித்தான் சொல்வார்.

குலவீரசிங்கம் அறிந்தால் ஒரு கிழமை சிரிப்பார்:
பார்த்தியளா, இவையளின்ர சமத்துவம்!
சிரிக்கட்டும்.
அவர் சிரித்தால் அவர் சட்டம் சரியென்று ஆகாது.
என் பேச்சுச் சரியென்றால்
என் லாச்சியும் சரியென்று ஆகாது.

காலையில் சுகிர்தமலர் அழைத்தா.
அவர் சம்மதமாம்,
வருகிற காசில் பாதி தந்தால்.
"வழக்குப் போடுங்கோ," என்றா,
"பாதிக்காசை உங்களுக்குத் தாறன், அவருக்கில்லை."
வேண்டாம், முத்திரைச் செலவு போதும் என்றேன்.

பிறகு லாச்சியைத் திறந்தேன்.
பேனை முதலில் எழுதவில்லை,
ஓரத்தில் கிறுக்கி உயிர்ப்பித்து
ஒப்பமிட்டேன்.
மரியபுஷ்பம் ஈரக்கையைச் சேலையில் துடைத்து
படிவத்தை வாங்கினா.
நன்றி சொல்லவில்லை. திகதியைப் பார்த்தா.

"முன்னாடி மூணு வருசம்?"