விளையாடிய நேரம்

பெயர்? என்று கேட்டது.
கறுப்புத் திரையில் அந்த ஒரு சொல்லும்
பக்கத்தில் துடிக்கும் கோடும்.
படம் கிடையாது, சத்தம் கிடையாது.
கொரடாச்சேரிக்கு மேற்கே இந்தக் கொள்முதல் நிலையத்தில்
அரைகுறை சிக்னலில் ஓடுகிற விளையாட்டு
அது ஒன்றுதான்.

வெண்ணி என்று தட்டினேன்.
எதிரே வெண்ணாறு போய்க்கொண்டிருந்தது,
வேறெதுவும் தோன்றவில்லை.
ஆணா, பெண்ணா? பெண்.
உயரம்? என்னைவிட ஒரு சாண் கூட.
தொழில்? உப்பு விற்கலாம், வேட்டையாடலாம், திருடலாம்.
திருடட்டும்.
கடைசியில்
குறை ஒன்றைத் தேர்ந்தெடு என்றது:
நொண்டிக் கால், தீராக் கடன், தண்ணீர்ப் பயம்.
கால் பாவம். கடன் எனக்கே இருக்கிறது.
தண்ணீர்ப் பயத்துக்குப் பன்னிரண்டு புள்ளி கூடுதல்,
வாங்கிக்கொண்டேன்.

என்னை உருவாக்கியவள் இத்தனை கேட்கவில்லை.
நீடாமங்கலத்து ஆதார் மையத்தில்,
வரிசை வாசல்வரை நின்ற ஒரு மத்தியானம்,
ஆடிக் கடைசியில் பிறந்தவனை
ஜனவரி ஒன்றில் பிறக்கவைத்தாள்.
இளஞ்சேரல் இழஞ்சேரல் ஆனான்.
திருத்தலாம். ஒருநாள் சம்பளம் போகும்.

நேரம் என்று தட்டினால் வெண்ணிக்குக் கணக்கு வரும்.
பிறந்து நானூற்று இரண்டு நாள்.
விளையாடியது
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு மணி, நாற்பது நிமிடம்.
பொய். பாதி நேரம் நான் அங்கே இல்லை.
டிராக்டர் வந்துவிடும்,
ஈரப்பதம் பார்க்கவேண்டும், பதினெட்டு காட்டும்,
கொட்டிக் காயவையுங்கள் என்று சொல்லித்
திட்டு வாங்கவேண்டும்.
அதுவரை ஏதோ ஒரு பாலத்தடியில் அவள் நிற்பாள்.
மற்றவர்கள் திரையில்
வெண்ணி (கல்லாய் நிற்கிறாள்)
என்று இருக்கும்.
அதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது.

நத்தை என்று ஒருவன் உண்டு, அல்லது ஒருத்தி.
எந்த ஊரோ. கேட்டதில்லை.
ஆயிரத்து எழுநூறு மணி ஆயிற்றாம்,
ஒரு சண்டையும் போட்டதில்லையாம்.

குறுவை நெல் மூவாயிரம் மூட்டை
திறந்தவெளியில் கிடந்த இரவு.
நான்கு நாளாக லாரி இல்லை.
காவலுக்கு ஆள் போடவில்லை.
வருகைப் பதிவேட்டின்படி
மாலை ஐந்தரைக்கே நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.
ஒன்று பத்துக்கு மழை பிடித்தது.
போனை மேஜை டிராயரில் போட்டுவிட்டு ஓடினேன்.
வேம்பையனை எழுப்பி,
அவர் மைத்துனனை எழுப்பி,
ஓட்டைத் தார்ப்பாய் ஒன்பதை இழுத்துக்கட்டி,
காற்று பிடுங்க, மறுபடி கட்டி,
கீழ்வரிசைச் சாக்கு சவுக்குக் கட்டையோடு மிதக்க,
மண்வெட்டியால் வடிகால் கீறி.
ஐம்பது மூட்டை போயிற்று. அறுபதும் இருக்கலாம்.
அதை எந்தப் பட்டியலில் எழுதுவது என்று
காலையில்தான் யோசிக்கவேண்டும்.

நான்கு மணிக்கு டிராயரைத் திறந்தேன்.
திரை நிறைய வரிகள், கீழிருந்து மேலே படித்தேன்.
மழை தொடங்குகிறது. அங்கேயும்.
ஆறு ஏறுகிறது.
நத்தை வருகிறது.
நத்தை, "ஏ வெண்ணி" என்கிறது.
நத்தை, "தண்ணி வருது, நகரு" என்கிறது.
நத்தை தன் சாக்குத்துணியை வெண்ணிமேல் போர்த்துகிறது.
நத்தை பக்கத்தில் உட்காருகிறது.
அப்புறம் ஒன்றரை மணி நேரம் வரியே இல்லை.
நத்தை (கல்லாய் நிற்கிறது).

எல்லாவற்றுக்கும் கீழே புதிதாய் ஒன்று:
விளையாடிய நேரம் ஆயிரம் மணி நிறைந்தது.
குறையை நீக்கவா?
ஆம். இல்லை.

விரலை வைத்தேன்.
ஈர விரல், பதியவில்லை.
கைலியில் துடைத்தேன், கைலியும் ஈரம்.
சட்டை, துண்டு, பட்டியல் புத்தகத்தின் அட்டை,
இந்த அறையில்
காய்ந்த பொருள் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
கோடு துடிக்கிறது.
அந்த நேரமும் ஏறுகிறது.