பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு

விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு
தாதர் சௌபாட்டியில் முழங்கால் ஆழம் இறங்கி
புட்டியைத் தலைகீழாய் அமுக்கி
உள்ளே நிமிர்த்தி மூடுகிறான் ரஃபீக்.
தண்ணீர் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது.

ஐஸ் பெட்டியில் அது பரேல் வந்து சேரும்.
வடிகட்டி, தட்டில் ஏற்றி
நாற்பத்தொரு டிகிரியில் தூங்க வைப்போம்.
நீல வளையம் கட்டிய புள்ளிகளை
மறுநாள்தான் எண்ண முடியும்.
எண்ணி முடிக்கும்போது அந்தக் கடல் அங்கே இல்லை.
இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றிவிட்டது.
குளித்தவர்கள் தலை துவட்டி
லோக்கல் பிடித்து
ஆபீஸுக்கே போய்விட்டார்கள்.

அதனால்தான் எனக்குச் சம்பளம்.
தட்டு நேற்றைச் சொல்லட்டும்,
நீ இன்றைச் சொல் என்கிறார்கள்.
மழைமானி, காற்றின் திசை, ஓதத்தின் உயரம்,
கலங்கல், வெயில்
(வெயில் கிருமியைக் கொல்லும், அதற்கு மட்டும் கழித்தல் குறி),
இரண்டரை வருடத்து எண்கள்.
எல்லாம் உள்ளே போய்
ஒரே ஒரு தசமமாய் வெளியே வரும்.
பாதியைத் தாண்டினால் சிவப்புக் கொடி.

இருப்பதிலேயே கனமான பத்தி
மித்தி ஆறு கடலில் விழும் இடம்.
அதை முதன்முதலில் திறந்த அன்று
தாராவி தொண்ணூறு அடி ரோட்டின் பின்சந்தில்
எங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போய் முடிகிறதென்று
முப்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.
ஏழு பேர் பல் தேய்த்துத் துப்பியது,
பொதுக் கழிப்பறை வரிசையின் மொத்தக் காலையும்,
கெழு: பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு.
வேறெந்தத் தாளிலும் எங்கள் சந்துக்கு
இவ்வளவு எடை யாரும் போட்டதில்லை.

அக்டோபரில் ஒரு சனி இரவு கொட்டித் தீர்த்தது.
காலையில் பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று.
மாநகராட்சி கவ்லே கேட்டார்:
"எழுபத்தொன்று என்றால் மூடவா, வேண்டாமா?"
"இந்த மாதிரி நூறு காலையில்
எழுபத்தொன்றில் கெட்டிருக்கும் சார்."
"என்னிடம் இருப்பது ஒரு காலைதானே, மேடம்."
மூடினார்கள்.
குல்ஃபி வண்டி ராம்சேவக் ஆறு மணிக்கு
உருகிய பாலை மணலில் கொட்டியதாகக் கேள்வி.
திங்கட்கிழமைத் தட்டில் ஒன்பது புள்ளி.
அந்த வருடத்திலேயே சுத்தமான ஞாயிறு.

மூன்று வாரம் கழித்து, மழையில்லை,
வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.
பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு.
திறந்துவிட்டோம்.
திங்கட்கிழமைத் தட்டில் எண்ண இடமில்லை,
நீலத்தோடு நீலம் ஒட்டிக் கிடந்தது.
பேரேட்டில் "எண்ண இயலாது" என்று எழுதினேன்.

வியாழனன்று மாதிரி எடுக்க நானே போனேன்.
உயிர்க்காவலர் ஹேமந்த் தாண்டேல்
இடது காதில் பஞ்சு வைத்திருந்தார்.
ஞாயிறு ஒரு பையனைத் தேடி நாலு தடவை முங்கினாராம்.
பையன் கிடைத்தான், பேல்பூரிக் கடையில்.
நான் யார் என்று சொன்னேன். கேட்கவில்லை.
வலப்பக்கம் போய் இன்னொரு முறை சொன்னேன்.
தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார்.

அந்தச் சனி இரவு
கழிவுநீர் பம்ப் நாலு மணி நேரம் நின்றிருக்கிறது.
கரண்ட் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டில்
பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள்.
என் சமன்பாட்டில்
பென்சிலுக்குப் பத்தி இல்லை.

இப்போது இருக்கிறது.
தினமும் இரவு பதினொன்றரைக்கு
பம்ப் ஹவுஸ் விலாஸைக் கூப்பிடுகிறேன்.
நின்றதா, ஓடுகிறதா.
"ஓடுது, ஓடுது, தூங்குங்க" என்பார்.
சில நாள் போனை எடுக்கமாட்டார்,
அந்த நாளுக்கு என்ன எண் இடுவதென்று
இன்னும் தெரியவில்லை.

எல்லைக்கோட்டை ஐம்பதிலிருந்து
முப்பத்தைந்துக்கு இறக்கியாயிற்று.
தாண்டேலின் காதுக்காக என்று
அறிக்கையில் எழுத முடியாது.
இறக்கிய நாளிலிருந்து ராம்சேவக்கின் வண்டி
மாதத்தில் இரண்டு ஞாயிறு கூடுதலாய் நிற்கிறது.

இன்று ஞாயிறு. விலாஸ் எடுக்கவில்லை.
காற்று தென்மேற்கு. ஓதம் இறங்குகிறது.
பூஜ்யம் புள்ளி மூன்று நான்கு.
கவ்லே கூப்பிடுகிறார்.