முந்திரிப்பழம் என்று எழுதினாய்

நாளைக் கூட்டத்தில் உன்னைப் பற்றி
இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள்.
பெங்களூர்க்காரர்கள் வருகிறார்களாம்,
சிக்மகளூர்த் தோட்டத்திலிருந்தும்.
மைக்கைப் பிடித்தால் என் நாக்கு
வறுக்காத கொட்டை மாதிரி ஆகிவிடும்.
அதனால் இதை உன் வறுவல் நோட்டின்
கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன், அர்லேத்.
தராசுக்குக் கீழே இருக்கும்.

பண்ருட்டியில் பதினெட்டு வருஷம்
முந்திரி தரம் பிரித்தவள் நான்.
முழுசு, பாதி, துண்டு, கருகல்,
இருநூற்று நாற்பது, முந்நூற்று இருபது,
கண்ணை மூடினாலும் விரல் சொல்லும்.
ஓட்டெண்ணெய் தின்ற விரல்.
ஓடு எரிக்கும் புகையில்
மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

வில்லியனூருக்குக் குடிவந்த பிறகு
முத்தியால்பேட்டையில் உன் ஷெட்டுக்குச்
சொத்தை பொறுக்கத்தான் வந்தேன்.
நாள் கூலி, மதியச் சாப்பாடு, ஐந்து மணி பஸ்.

மூன்றாம் நாள்
பன்னிரண்டு கிண்ணத்தைப் பரப்பி
ஒரு கரண்டியை என்னிடமும் நீட்டினாய்.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.
"உறிஞ்சுங்க அக்கா, சத்தமா."
சத்தமாகக் குடித்தால் அறை விழும் வீட்டில் வளர்ந்தவள்
உறிஞ்சினேன்.

சுவரில் ஒரு வட்டப் படம்.
ப்ளூபெர்ரி, ராஸ்பெர்ரி, இன்னும் என்னென்னவோ பெர்ரி.
ஒன்றையும் நான் தின்றதில்லை.
பக்கத்தில் நின்றவர் சொன்னதையே சொன்னேன்: மல்லிகை.
நீ பேனாவை மூடினாய்.
"மல்லிகை அவருக்கு. உங்களுக்கு என்ன?"

ஐந்தாவது கிண்ணம். மறுபடியும் ஒரு கரண்டி.
சித்திரை வெயில்,
கொட்டையைத் திருகிக்கொண்டு மரத்தடியில் விட்ட பழக் குவியல்,
பொழுது சாய்கையில் ஈ மொய்த்து எழும் புளிப்பு,
தொண்டையைப் பிடிக்கும் கரகரப்பு.
சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.
யாரோ சிரித்தார்.
நீ ஸ்டூலில் ஏறி அந்த வட்டத்தில்
ப்ளூபெர்ரிக்கு மேலேயே ஸ்கெட்ச் பேனாவால்
'முந்திரிப்பழம். சாயந்திரம்' என்று எழுதினாய்.

மூக்கு இருந்திருக்கிறது, அர்லேத்.
இத்தனை வருஷம் அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த ஐப்பசி.
விடாத மழையில் ஏர்க்காட்டுக் கொட்டை
மேலே சிவந்து உள்ளே வேகாமல் இறங்கியது.
வறுத்தவள் நீ.
நாற்பத்து மூன்று பை போய்ச் சேர்ந்துவிட்டது.
பால் ஊற்றினால் தெரியாது.
ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கினால் தெரியவே தெரியாது.
எனக்குத் தெரிந்தது: பச்சைப் பட்டாணி, ஈரச் சாக்கு.
சொல்வதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.
கூலிக்காரி, முதலாளி.
காலையில் சொன்னேன்.
ஒரு மிடறு குடித்தாய். "ஆமா" என்றாய்.
காது மட்டும் சிவந்திருந்தது.

லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம்,
கடலூரில் மஞ்சக்குப்பம் வரை
ரெயின்கோட்டோடு ஸ்கூட்டியில் நீயே போய்
நாற்பத்து மூன்றையும் மாற்றிக் கொடுத்தாய்.
வந்து, தலைகூடத் துவட்டாமல், போர்டில் எழுதினாய்:
'என் தப்பு. கண்டுபிடிச்சது தனக்கோட்டி.'
சம்பளப் பதிவேட்டுக்கு வெளியே என் பெயரை
யாரோ எழுதி அன்றைக்குத்தான் பார்த்தேன்.
போர்டைத் துடைக்கும் முறை என்னுடையது.
எட்டு நாள் துடைக்கவில்லை.

நீ ஒன்றும் தேவதை இல்லை.
யாராவது சர்க்கரை கேட்டால் மூஞ்சியைத் திருப்புகிறாய்.
தை மாதச் சம்பளம் மாசியில் வந்தது.
நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன்:
வீட்டில் இன்னும் சிக்கரி போட்டுத்தான் குடிக்கிறேன்.
என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

போன வாரம் வறுவல் மெஷினை என்னிடம் விட்டுவிட்டு
வாசலில் போய் முதுகைக் காட்டி நின்றாய்.
கொட்டை வெடிக்கத் தொடங்கியதும்
உன் தோள் லேசாக அசைந்தது.
திரும்பவில்லை.

நாளைக்கு நான் 'வணக்கம்' மட்டும் சொல்வேன்.
சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தை உன் பக்கம் தள்ளுவேன்.
அன்றைக்கு வறுத்தது.
உறிஞ்சு, சத்தமாக.
என்ன வாசனை என்று எனக்குத் தெரியும்.
உனக்கு என்ன, அதைச் சொல்.