பத்தேகால் பாகை

நியூஷாத்தெல் ஏரி மேல் நவம்பர் மூடுபனி.
நிலத்தடி அறைக்கு அது தெரியாது.
எங்களுக்குத் தெரிவதெல்லாம்
இருபது நிமிடத்துக்கொரு தரம்
திரையில் எழும் ஒரு சிறு கூனல்:
பூத்ரி போகும் டிராம்.

வளையம் மிளகளவுதான்.
ஜலதரங்கக் கிண்ணத்தை மூங்கில் குச்சி தொட்டதும்
விளிம்பு வட்டமாக நிற்பதில்லை;
கிழக்கு மேற்காக நீளும்,
பின் வடக்கு தெற்காக.
கண் ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள்
ஐயாயிரம் தரம் அப்படி நீண்டு சுருங்குகிறது இது,
காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டியில்
சத்தமே இல்லாமல்.

பெட்டியைத் திருப்பினால்
அந்த நீட்சி கொஞ்சம் பின்தங்கும்.
எவ்வளவு பின்தங்கியது என்று பார்த்தால்
எவ்வளவு திரும்பினோம் என்று தெரியும்.
திரும்பியதை மட்டும் சொல்ல வேண்டும்.
உலுக்கியதை, இடித்ததை,
மாடியில் யாரோ நாற்காலி இழுத்ததை
காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

மலைச் சுரங்கப்பாதையில்
விரிசல் தேடி ஊரும் வண்டிக்காக இது.
அங்கே செயற்கைக்கோள் எட்டாது.
எந்தப் பக்கம் போகிறோம் என்று
வண்டி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்,
பக்கத்தில் பாறை துளைக்கும்போதும்.

வளையத்துக்கு ஊன்றக் கால் வேண்டும்.
ஊன்றிய கால் வழியாகத்தான்
எல்லா அதிர்வும் ஏறுகிறது.

ஓடில் ழான்ரெனோ விறைப்பாக வரைவாள்.
நான் தளர்வாக.
வளையத்தைச் சுற்றி ஒரு சட்டம்,
சட்டத்தைத் தாங்க எட்டு வில்,
ஒவ்வொன்றும் ட-வுக்குள் ட-வாக மடிந்த சிலிக்கன்.
என் முதல் வரைவு
ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தது.
நுண்ணோக்கியில் நொறுங்கிய அப்பளம்.
அவளுடையது விழுந்தும் பிழைத்தது,
டிராமையும் டிராமுக்குப் பின்னால் வந்த லாரியையும்
ஒன்றுவிடாமல் ஒப்பித்தது.

"உன் வில் தூங்குகிறது," என்பாள்.
"உன் வில் ஒட்டுக்கேட்கிறது," என்பேன்.
பிப்ரவரி வரை இதே சண்டை,
இருவரும் பிரெஞ்சில்.
எண்ணுவது மட்டும் நான் தமிழில்.

பதினோராவது வரைவில்
உலுக்கலுக்கு இளகியும்
முறுக்கலுக்கு விறைத்தும் நிற்கும் ஒரு வில் கிடைத்தது.
யார் கண்டது என்பதில் இன்னும் தகராறு.

மார்ச் பன்னிரண்டு, நள்ளிரவு.
கடைசி டிராம் போனது.
திரையில் எதுவும் எழவில்லை.
ஓடில் சிரிக்கவில்லை,
முழங்கையால் மேசையை ஓங்கி இடித்தாள்.
எதுவும் எழவில்லை.
கோடு நேராகத்தான் கிடந்தது.
ஆனால் சுழியில் கிடக்கவில்லை.

அரை டன் கிரானைட் மேசை,
அதன்மேல் வடக்கு நோக்கி வைத்த பெட்டி,
இம்மியும் அசையாத பெட்டி,
மணிக்குப் பத்தேகால் பாகை திரும்புவதாகச் சொல்லிற்று.

மின்சுற்றைப் பார்த்தோம்.
வெப்பமானியைப் பார்த்தோம்.
என் வில்லை அவள் பார்த்தாள், அவள் சட்டத்தை நான்.
பிறகு பெட்டியைத் தெற்கே திருப்பி வைத்தாள்.
கழித்தல் பத்தேகால்.
கிழக்கே வைத்தாள்.
சுழி.

பொய் சொல்லவில்லை அது.
மேசை திரும்பிக்கொண்டுதான் இருந்தது,
மேசையோடு அறை,
துறையில் தார்ப்பாய் போர்த்திய படகுகள்,
பூத்ரியில் விளக்கணைத்து நிற்கும் டிராம்,
சட்டையில் காப்பிக் கறையோடு நான்.
நான்கு மாதமாக ஒவ்வொரு நடுக்கமாக வடிகட்டி
அடியில் தங்கியது
பூமி.

விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
ஓடில் குறிப்பேட்டில் எழுதினாள்:
வடக்கு தெரிகிறது.
அதன் கீழே, இரண்டு கோடு போட்டு:
ஆறரை மணிக்கு ரேடியேட்டர் சூடேறும்போது
கால் பாகை நழுவுகிறது. ஏன்?

பத்தே காலில் அந்தக் காலுக்காக
இப்போது பன்னிரண்டாவது வரைவு.
விறைப்பாக வரையலாம் என்கிறேன் நான்.