டிக்கெட் எடுக்காத எலும்பு

கழுத்தோரம் எனக்கு ஒரு விலா கூடுதலாம்.
நாற்பத்தொரு வருஷம்
டிக்கெட் எடுக்காமல் என்னோடு வந்திருக்கிறது.
மதுரையில் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்து
டாக்டர் காட்டியபோது
அபராதம் எவ்வளவு என்றுதான்
முதலில் தோன்றியது.

காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவில்
கைக்குப் போகிற ரத்தம், திரும்புகிற ரத்தம், நரம்பு
எல்லாம் ஒரே சந்தில்.
"கையை உயர்த்தினா சந்து அடைபடும்.
நீங்க பாம்பன் பக்கம்தானே,
தூக்குப் பாலம் மாதிரி நினைச்சுக்கங்க."
தூக்கினால்தான் சார் அங்கே வழி கிடைக்கும்,
என்று சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.

இடது கை மேல்கம்பியில், வலது கை பையில்,
ராமநாதபுரம் – ராமேஸ்வரம்
பதினெட்டு வருஷம்.
இப்போது சீட்டு முதுகில் இடுப்பைச் சாய்த்து நிற்கிறேன்.
பிரேக் போடும்போதெல்லாம் கோட்டைச்சாமி
கண்ணாடியில் பார்த்துக் கத்துகிறார்:
"அண்ணே, கம்பி!"

"இன்னைக்கு ரத்தக்கட்டி எதுவும் இல்லை"
என்றது ஸ்கேன்.
அதில் நான் பிடித்துக்கொண்டது
முதல் சொல்லை மட்டும்.

கை ஊதினால், நீலம் பாய்ந்தால், கனத்தால்
நேரம் பார்க்காமல் ஓடி வர வேண்டும்.
மற்றபடி கையையே பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.
முன்பாதி எனக்கு மனப்பாடம்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு
செல்போன் வெளிச்சத்தில்
நகங்களை ஒவ்வொன்றாய் அமுக்கி விடுகிறேன்.
வெளுக்கிறது.
சிவப்பு திரும்பி வருகிறது.
வர எடுத்த நேரத்தை எண்ணுகிறேன்,
ஒப்பிட்டுப் பார்க்க
மறு கையிலும் எண்ணுகிறேன்.
பிரிசில்லா புரண்டு படுத்து
"நகத்துல என்ன எழுதியிருக்கு?" என்கிறாள்.
தங்கச்சிமடம் முழுக்கக் கச்சான் காற்று.
எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொள்கிறது.
ஒரு நிமிஷம்
அதையும் என் நாடியென்று எண்ணிவிட்டேன்.

கல்யாண மோதிரம்தான் என் மீட்டர்.
விரலில் சுற்றினால் வீக்கம் இல்லை.
சித்திரையில் ஒரு மதியம் சுற்றவில்லை.
வண்டியை மண்டபத்தில் விட்டுவிட்டு
ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.
நர்ஸ் டேப் வைத்து அளந்தார்.
வலது கையும் அதே அளவு ஊதியிருந்தது.
"வெயில்" என்று எழுதிக்கொடுத்தார்கள்.
அந்தச் சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது,
செல்லாத நோட்டுகளோடு.

பிசியோதெரபி ஹமீதா மட்டும்
பார்க்காதே என்று சொல்லவில்லை.
"பாருங்க. ஆனா ஸ்டேஜுக்கு ஒரு தடவை.
நடுவுல கையைக் காட்டுற பயத்துக்கு
வண்டி நிக்காது."

உச்சிப்புளியில் ஒரு சுற்று.
வேதாளையில் ஒரு சுற்று.
மண்டபம், பாம்பன்.
இடையில் அது கை காட்டிக்கொண்டுதான் நின்றது
புளியமரத்தடியில், பனங்காட்டில், உப்புக் காற்றில்,
என்னைப் போலவே காக்கிச் சட்டை போட்டு.
நின்றுவிட்டேன் சில நாள்.
ஏற்றியும் கொண்டேன்.

போன செவ்வாய் வேதாளையில்
ஒரு பெண் நண்டுக் கூடையோடு ஏறினாள்.
லக்கேஜ் எடு என்றேன்.
"உயிரோட இருக்கறது எப்படி லக்கேஜ் ஆகும்?"
பஸ்ஸே அவள் கட்சி.
அதற்குள் ஒன்று கூடையை விட்டு இறங்கி
சீட்டுக்கடியில் பக்கவாட்டில் நடந்தது.
ஆளாளுக்குக் காலைத் தூக்கினார்கள்.
ஒரு பள்ளிக்கூடப் பையன் சாவகாசமாய்
"அரை டிக்கெட்" என்றான்.
மண்டியிட்டுத் துழாவி
முதுகுப்பக்கம் பிடித்து எடுத்துக் கொடுத்தேன்.
லக்கேஜும் வாங்கினேன்.

பாலத்தின் நடுவில்தான் உறைத்தது.
மண்டபம் எப்போது போனது?
உச்சிப்புளிக்கு அப்புறம் மோதிரத்தைத் தொடவில்லை.
பயம் ஓடி வந்து படியில் தொற்றியது.
ஆனால் பாலத்தில் ஸ்டாப் கிடையாது.
இரண்டு பக்கமும் கடல்,
ஒரு பக்கம் கலங்கி, ஒரு பக்கம் தெளிந்து.
அந்த அரை மணி நேரமும் ரத்தம்
அந்தச் சந்து வழியாகத்தானே போய் வந்திருக்கும்,
என் விசில் இல்லாமல்.

ஆவணியில் அந்த விலாவை எடுக்கலாமா என்று
முடிவு சொல்ல வேண்டும்.
இன்னும் சொல்லவில்லை.

பாம்பனில் இறங்கி டீக்கடை ஓரம் நின்று
சுற்றிப் பார்த்தேன்தான்,
இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
சுற்றியது.
விரலில் நண்டு வாடை.