பெர்க்மான்ஸ் செத்து ஓராண்டு

குளச்சல் கல்லறைத் தோட்டத்தில்
மெழுகுதிரி நிற்கவில்லை, அவ்வளவு காற்று.
இடவப்பாதி முந்திக்கொண்ட வருடம்.
நனைந்த பதினோரு பேர்
கருங்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
புரோட்டாக் கடையில் வந்து ஒதுங்கினோம்.
ஒன்பது பேர் கறுப்பு பனியனில்,
நெஞ்சில் 'மோனசைட்' என்று
மணல் சரிகிற எழுத்து.
எடிசனுக்கு மட்டும் அது இப்போது
வயிற்றில் பிடிக்கிறது.

'முதல் ரெண்டு தட்டோட அவன் தீந்தான்.
பெறவு நாம கேட்டதெல்லாம் குடி.
குடி கிட்டார் வாசிச்சா எப்பிடி இருக்கும்?
அப்பிடித்தான் இருந்து'
என்றான் எடிசன்.
சவப்பெட்டியின் முன்பக்கம் பிடித்தவன் அவன்தான்.

செலஸ்டினா டீச்சர்
பிய்த்த புரோட்டாவைத் திரும்ப வைத்தாள்.
பெங்களூர்க் கச்சேரிக்கு
வீட்டில் தியானம் என்று சொல்லிவிட்டுப் போனவள்.
'கடைசித் தட்டை ராத்திரி ரெண்டு மணிக்குக் கேளு எடிசா.
நடுவுல இருபத்திரண்டு விநாடி ஒண்ணுமே இல்ல.
ஒண்ணும் இல்லாததை வாசிக்க
ஒரு தைரியம் வேணும்.'

'ஒண்ணும் இல்லாததுக்கு
முந்நூறு ரூவா குடுத்தவன் நான்.'

கடைசி வருடங்களில் அவன்
கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்ததை
சரணாகதி என்றான் ஒருவன்.
சாப்பாடு என்றான் இன்னொருவன்.

அஜின் ஜோஸ் சின்னப் பையன்.
பெர்க்மான்ஸை உயிரோடு பார்த்தது ஒரே தடவை,
தக்கலை மருந்துக்கடை வரிசையில்.
'சில்லறையை எண்ணும்போ கை ஆடிச்சு.
கீழ விழுந்ததைப் பொறுக்கிக் குடுத்தேன்.
பேஸ் கிட்டார் வாசிப்பியாலேன்னு கேட்டாரு.
நான் தொட்டதே இல்ல.
ஆமான்னு சொல்லிட்டேன்.'
இப்போது வாசிக்கிறான்.
மோசமாக.

அந்தத் தட்டில் இடது பக்கம் சத்தமே வராதே,
ஏன் என்று யாரோ ஆரம்பித்தார்கள்.
லெனின் அதை அரசியல் என்றான்.
வேறு என்ன சொல்வான் லெனின்.
ஆண்டவரின் விலாக் காயம் என்றாள் டீச்சரின் தங்கை.
அது வலது பக்கம் என்றார் கடைக்காரர்,
சால்னா ஊற்றிக்கொண்டே.

நான் ரசிகன் இல்லை.
திங்கள்நகரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன்.
அந்தத் தட்டு என் குடோனில் பதிவானது,
நாற்காலி அடுக்குக்கும் டியூப் லைட் கட்டுக்கும் இடையில்
நான்கு ராத்திரி.
மூன்று ராத்திரிக்கு வாடகை பாக்கி.
இரண்டாம் நாளே இடது கேபிள் போய்விட்டது.
மாத்தட்டுமா என்றேன்.
'வேண்டாம்,
அந்தக் காதுல எனக்கும் கேக்காது'
என்று கம்பியை முறுக்கினான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் லெனினுக்கு வருத்தமாகும்.
டீச்சர் அதையும் ஒரு தைரியம் என்பாள்.
எடிசன் சிரிப்பான்,
பிறகு வெளியே போய் நிற்பான், மழையில்.

உனக்குப் பிடிக்குமா என்று
என்னை யாரும் கேட்கவில்லை.
முதலிலிருந்து கடைசிவரை
ஒரே இருப்பில் கேட்டதில்லை நான்.
ஆனால் இரணியல் கல்யாண மண்டபத்தில்
ஆள் வருமுன்
பெட்டிகளை அடுக்கி ஒயர் இழுத்ததும்
அதன் ஐந்தாவது பாட்டைத்தான் போடுகிறேன்.
தடித்த கம்பி அடியாழத்துக்கு இறங்கும் இடத்தில்
பெட்டியில் சின்னக் கிழிசல் இருந்தாலும் தெரிந்துவிடும்.
மற்ற பாட்டுகள் சமாளித்துவிடும்.
காலி நாற்காலிகள்
தரையில் மெல்லக் கிடுகிடுக்கின்றன.
வாழைக்குலை கட்டும் பையன் திரும்பிப் பார்க்கிறான்.
'இது எந்தப் பேய் அண்ணே?'
'நம்ம ஊர்ப் பேய்தான்.'

வலது பெட்டி சரி.
ஒயரைப் பிடுங்கி
இடதில் மாற்றிச் சொருகி
மறுபடியும் முதலிலிருந்து
போடுகிறேன்.