ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கோட்டு

ஏழாம் அத்தியாயத்தில் ஹெல்டூரைக் கொன்றுவிட்டேன்.
கடலில் தள்ளி, பனிமூட்டத்தால் மூடியும் வைத்தேன்.
ஒன்பதில் பார்க்கிறேன்,
அவன் கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது.

தால்லின் துறைமுகத்தில், கப்பல் போர்வைகள் வெளுக்கும்
சலவைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை.
இயந்திரம் சுற்றும் நாற்பது நிமிடம்தான் என் மேசை.
மணி அடித்தால்
வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவேன்.
அது நல்லதுதான் என்றேன் மில்வியிடம்
(அவளும் ஏதோ எழுதுகிறாளாம்):
பாதி வாக்கியம் மறுநாள் கையைப் பிடித்து இழுக்கும்.
முற்றுப்புள்ளி வைத்துத் தூங்கப்போன நாட்களுக்கு மறுநாள்
நான் வெறும் தேநீர்தான் குடித்திருக்கிறேன்.

கோட்டை அடித்துவிடலாம். ஒரே வரி.
பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.
பிறகு, தொழில் பழக்கம்,
பையில் கைவிட்டுப் பார்க்காமல்
எதையும் நான் வெளுக்கப் போட்டதில்லை.

இடப்பையில் கசங்கிய ட்ராம் டிக்கெட்.
வலப்பையில் ஒரு குழந்தையின் கையுறை.
ஒற்றை.
ஹெல்டூருக்குக் குழந்தை உண்டென்று
முந்நூறு பக்கத்தில் எங்குமே நான் எழுதவில்லையே.

முதல் மூன்று அத்தியாயங்கள் இனிக் குப்பைக்கு.
அந்தக் கடற்காகங்கள்,
பதினோரு முறை திருத்திய அந்த அஸ்தமனம்,
யாருக்கும் எதுவும் வேண்டியிராத
அத்தனை அழகான பக்கங்களும்.

மற்றொரு கையுறையை வைத்திருப்பவளிடம் தொடங்குகிறது கதை.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
அவளுக்குக் குளிர்கிறது, இப்போதைக்கு அது போதும்.
மணி அடிக்கிறது.
அவள் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க,
கதவைத் தட்டுவதற்காகத் தன் வெறுங்கையை